எஸ்தர் அக்கா அனுப்பாத தலை ஆடிச் செய்தி

அன்று காலை எஸ்தர் அக்காவை மூன்று முறை ஃபோனில் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. எனக்குக் கோபம் தலைக்கேறிக்கொண்டிருந்தது. கடை திறந்து அரை மணி ஆகிவிட்டது. வாடிக்கையாளர்களுக்கு அனுப்ப வேண்டிய புது வாசகம் ஒன்றைப் பதிவு செய்ய உட்கார்ந்திருந்தேன். பதிவுப் பக்கம் ஓ.டி.பி. எண்ணைக் கேட்டது. அந்த எண் அக்காவின் ஃபோனுக்குத்தான் போகும். கடையின் பொறுப்பாளர் என்று பதிவில் இருப்பது அவர் பெயர். எல்லோருக்கும் முன்னால் வந்து உட்காரும் மனுஷி அன்றைக்குப் பார்த்து வரவில்லை. நான்காவது முறை எடுத்தார்கள். எடுத்தது யார் என்றுகூடக் கேட்காமல், "எங்கக்கா இருக்கீங்க? ஓ.டி.பி. வந்துச்சா? சீக்கிரம் சொல்லுங்க, காலாவதி ஆயிடப் போவுது" என்று கத்தினேன்.

எடுத்தவர் அவர் கணவர் சாமுவேல் அண்ணன். "ஆங், ஒண்ணு வந்துகீதுபா. இரு, கண்ணாடி போட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டு, ஆறு எண்களையும் ஒவ்வொன்றாக, நிதானமாகப் படித்தார். நான் தட்டிக்கொண்டே வந்தேன். ஆறாவது எண் முடிந்ததும், "எழுதிக்கினியாபா?" என்று கேட்டார். எழுதிக்கொண்டேன் என்றேன். "அவ போய்ட்டாபா. விடியக்காலைல நெஞ்சு வலிக்குதுன்னா. ஆட்டோ வர்றதுக்குள்ள முடிஞ்சிடுச்சி" என்றார். என் எதிரே கணினியில் அந்தப் பக்கம், பதிவு ஏற்கப்பட்டது என்று காட்டிக்கொண்டிருந்தது.

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். சபையின் பாட்டுக் குழுவில் முன்வரிசையில் நின்றவராகச் சிலருக்கு. எங்கள் ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்து, பிறகு கணினிப் பிரிவுக்குப் போனவராகச் சிலருக்கு. முன்பின் தெரியாத எண்ணிலிருந்து கூப்பிட்டு, "உங்களுக்குச் சேதி அனுப்பலாமாங்க? வேணாம்னா வேணாம்னு சொல்லலாம், தப்பில்ல" என்று கேட்ட குரலாக இன்னும் பலருக்கு. சாமுவேல் அண்ணன் என்னிடம் வந்து, "நீ கூட வேலை செஞ்சவன். நல்லதா ஒரு பக்கம் எழுதிக் குடுபா" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்து மூன்று தாள்களைக் கிழித்துப் போட்டேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டுவிட்டுக் கை கழுவ நின்றிருந்தோம். கடைக்கு எதிரே பாத்திரக்கடை வைத்திருப்பவர் பக்கத்தில் நின்றவரிடம், "எம்மாங் கறாரான பொம்பள. அந்தத் தலை ஆடி சமாச்சாரம் ஒண்ணுதான் சறுக்கிடுச்சி, பாவம்" என்றார். மற்றவர், "ஆமாமா, கம்ப்யூட்டர்காரங்களுக்கே ஒரு நாள் சறுக்கும்" என்றார். நான் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அந்தத் தலை ஆடிச் செய்தியை அனுப்பியது எஸ்தர் அக்கா இல்லை, நான். அவரைப் பற்றி வேறு என்ன புகழ்ந்து எழுதினாலும், இதை எழுதாமல் விட்டால் அந்தச் சறுக்கல் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். அதனால் நல்லதாக எழுதும் ஆசையை விட்டுவிட்டு, நடந்ததை எழுதுகிறேன்.

அதற்கு முன், அந்த அம்மாள் என் உயிரை எப்படி வாங்கினார் என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். செத்துப்போனவரைப் பற்றி இப்படி எழுதலாமா என்று கேட்பீர்கள். அவரே இருந்தால், "எழுது எழுது, நீ பொலம்பாம எழுதினா நீ எழுதினதுன்னு எவன் நம்புவான்?" என்றுதான் சொல்லியிருப்பார்.

ஒரு கடைக்காரன் நினைத்தால், புடவை வந்திருக்கிறது, வாருங்கள் என்று நாலு பேர் ஃபோனுக்குச் செய்தி தட்டிவிடலாம் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். முதலில் கடையைப் பதிவு செய்ய வேண்டும். அப்புறம், செய்தி வரும்போது மேலே தெரிகிறதே ஒரு சின்னப் பெயர், அதைப் பதிவு செய்ய வேண்டும். அப்புறம் செய்தியின் வாசகத்தை, எழுத்துக்கு எழுத்து. மாறக்கூடிய இடத்தில் மட்டும் கோடு விட்டுக்கொள்ளலாம். ராத்திரி ஒன்பதுக்கு மேல் விளம்பரம் போகக் கூடாது. இத்தனையும் முடிந்த பிறகு, செய்தியை வாங்கப்போகிறவர் எனக்கு அனுப்பலாம் என்று சம்மதித்திருக்க வேண்டும். அவரே பின்னால் மனம் மாறி வேண்டாம் என்றால் நிறுத்த வேண்டும். எங்கள் ஊர்க் கோயில் மலையடிவாரத்தில் ஒலிபெருக்கி கட்டி ஊரையே எழுப்பினால் கேட்க ஆளில்லை, நான் ஒரு வரிச் செய்தி அனுப்ப இத்தனை படி ஏற வேண்டுமா என்று அக்காவிடம் சண்டை போட்டேன். அவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஒலிபெருக்கி தெருவுல கத்துது. நீ அவங்க பாக்கெட்டுக்குள்ள பூந்து கத்தற. கேட்டுட்டுதான் நொழையணும்" என்றார்.

முதல் வாசகத்தை நான்தான் எழுதினேன். 'ஆடி அதிரடி! அள்ளுங்க அள்ளுங்க!' என்று ஆரம்பித்தேன். பிரமாதமாக இருந்தது. அக்கா படித்துவிட்டு, "கடைப் பேரு எங்க?" என்றார். மேலே சின்னப் பெயர் வருமே என்றேன். "உள்ளயும் இருக்கணும். அப்பறம் ஆடின்னு எழுதாத. அந்த எடத்துல கோடு போட்டு வுடு. இல்லன்னா ஆவணிக்கு மறுபடி பதிவு பண்ணணும்" என்றார். ஆடி என்ற சொல்லில்தான் வாசகத்தின் உயிரே இருக்கிறது என்று, அவர் பேச்சை நான் கேட்கவில்லை. அனுப்பினேன். திரும்பி வந்தது. கடைப் பெயர் இல்லையாம். பெயரைச் சேர்த்து அனுப்பினேன். திரும்பி வந்தது. விளம்பரம் என்று வகைப்படுத்தாமல் வேறு வகையில் போட்டுவிட்டேனாம். நாலாவது முறை ஒப்புதல் வந்தபோது ஆடி முடிய ஒரு வாரம்தான் இருந்தது. ஆவணி பிறந்ததும் முதலாளி கூப்பிட்டு, "ஏம் நைனா, இப்ப முகூர்த்தச் சேதி போவட்டும்" என்றார். என் வாசகத்தில் ஆடி கல்வெட்டு மாதிரி உட்கார்ந்திருந்தது. அக்கா டிபன் டப்பாவைத் திறந்து எனக்கு ஒரு இட்லி கொடுத்தார். அதைத் தின்றுவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

சம்மதம் வாங்கும் விஷயத்தில்தான் எனக்குப் பைத்தியமே பிடித்தது. சட்டம் கேட்பது என்ன? வாடிக்கையாளரின் ஃபோனுக்கு ஒரு கேள்வி போகும், அவர் சரி என்று அழுத்த வேண்டும், அவ்வளவுதான். அக்காவுக்கு அது போதாது. "நம்ம ஜனம் எதைப் பாத்தாலும் சரின்னு அழுத்திடும்பா. எதுக்கு அழுத்தறாங்கன்னு தெரிஞ்சி அழுத்தணும்" என்று சொல்லி, கேள்வி போவதற்கு முன்னால் ஒவ்வொருவரையும் ஃபோனில் கூப்பிட்டுப் பேச ஆரம்பித்தார். ஒவ்வொருவரையும்! தினம் மதியம் வியாபாரம் மந்தமாக இருக்கும் நேரத்தில் பத்துப் பதினைந்து பேர். நகரி, புத்தூர் பக்கத்து ஆட்களிடம் தெலுங்கில் பேசுவார். ஆர்.கே.பேட்டையில் ஒரு அம்மாள், "நாங்களே பொடவை நெய்யறவங்க, எங்களுக்கே பொடவை சேதியா?" என்று சிரித்துவிட்டுக் கால் மணி நேரம் நூல் விலையைப் பற்றிப் புலம்பினார். அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் அந்த அம்மாள் வேண்டாம் என்றார். அக்கா சந்தோஷமாக அதையும் எழுதிக்கொண்டார்.

"கால் மணி நேரம் போச்சு, வேணாம்னு சொல்லிட்டாங்க. இதுல சந்தோஷம் என்னக்கா?" என்று எரிந்து விழுந்தேன்.

"வேணாம்னு சொல்றவங்கதான்பா நம்மளை நம்பறாங்க. பயப்படறவங்க எல்லாத்துக்கும் சரின்னுதான் சொல்வாங்க" என்றார். அப்படி அவர் கேட்டுச் சேர்த்த பட்டியல் எவ்வளவு மெல்ல வளர்ந்தது என்றால், பக்கத்துத் தெருக் கடைக்காரன் ஊரிலுள்ள எண்களையெல்லாம் எங்கிருந்தோ வாங்கி வந்து தட்டிவிட்டுக்கொண்டிருந்தான். நாங்கள் இன்னும் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

இப்போது தலை ஆடிக்கு வருகிறேன். எங்கள் கடையில் முகூர்த்தப் புடவை எடுப்பவர்கள் கல்யாணப் பத்திரிகையை மஞ்சள் தடவிக் கொண்டுவந்து முதலாளி கையில் கொடுப்பார்கள். முதலாளி அதைச் சாமி படத்துக்கு அடியில் வைப்பார். ஒரு பருவம் முடிந்தால் அங்கே ஒரு கட்டுப் பத்திரிகை சேர்ந்துவிடும். ஒவ்வொன்றின் கீழேயும் பெண்ணின் அப்பா பெயரும் ஃபோன் எண்ணும் இருக்கும். ஒரு ஆனி மாதக் கடைசியில் அந்தக் கட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன். தை, மாசி, வைகாசியில் கல்யாணம் ஆன பெண்கள். இவர்கள் அத்தனை பேருக்கும் ஆடியில் தலை ஆடி. மகளையும் மருமகனையும் வீட்டுக்கு அழைத்துப் புதுத்துணி எடுத்துக் கொடுத்தே ஆக வேண்டிய அப்பாக்களின் எண்கள், பூவும் பொட்டும் வைத்து, கடை தேடி வந்து உட்கார்ந்திருக்கின்றன. எனக்குக் கை துறுதுறுத்தது.

அக்காவிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று தெரியும். அதனால்தான் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் ஆராதனைக்குப் போயிருந்தார். கணினி அவர் பெயரில் திறந்தே இருந்தது. சம்மதம் கொடுத்தவர்களின் பட்டியலோடு பத்திரிகை எண்களையும் சேர்த்தேன். பண்டிகைப் பெயருக்காக அவர் கோடு போட்டு வைத்திருந்த இடத்தில் 'மகள் மருமகன் தலை ஆடி' என்று நிரப்பினேன். அனுப்பிவிட்டுப் போய் டீ குடித்தேன். அன்று சாயங்காலமே நாலு குடும்பங்கள் கடைக்கு வந்தன. நான் மிதந்துகொண்டிருந்தேன்.

மறுநாள் அக்கா வந்து திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இவங்கள யாரு கேட்டது?" என்றார். பத்திரிகை வைத்தவர்கள்தானே, நம்மைக் கல்யாணத்துக்கே கூப்பிட்டவர்கள், இதற்குமா கேட்க வேண்டும் என்றேன். "கல்யாணத்துக்குக் கூப்ட்டாங்க. வந்து சாப்ட்டு வாழ்த்திட்டுப் போன்னு கூப்ட்டாங்க. வீட்டுக்குள்ள வந்து பொண்ணு நல்லா இருக்காளான்னு தினம் எட்டிப் பாருன்னா கூப்ட்டாங்க?" என்றார். அவருக்குக் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அய்ய, சும்மா இருங்கக்கா, நாலு பேரு வந்துட்டாங்க என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

மூன்றாம் நாள் புகார் வந்துவிட்டது. திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு வைத்திருக்கும் ஒரு அப்பா. மகளுக்குத் தை மாதம் கல்யாணம்; சித்திரையிலேயே பெண் திரும்பி வந்துவிட்டாள். ஏன் என்பதை எழுத எனக்கு உரிமை கிடையாது. அந்த வீட்டுக்கு 'மகள் மருமகன் தலை ஆடி, சிறப்புத் தள்ளுபடி, குடும்பத்துடன் வாருங்கள்' என்று நான் அனுப்பியிருந்தேன். அவர் யாரையோ கேட்டு, புகார் சொல்லும் எண்ணுக்கு அதை அப்படியே அனுப்பிவிட்டார். எங்கள் கடைப் பெயரில் செய்தி போவது நிறுத்தப்பட்டது. ஆடிக் கிருத்திகை வந்துகொண்டிருந்தது. வருஷத்தில் எங்கள் கடை நிற்க இடமில்லாமல் நிரம்புவது அப்போதுதான். யார் அனுப்பியது, சம்மதம் எங்கே என்று கேட்டுக் கடிதம் வந்தது.

முதலாளி கத்திய கத்தலில் மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தவர்கள்கூடக் கீழே வந்து நின்றார்கள். "எவன் அனுப்பினது? இன்னிக்கே கணக்கு முடிச்சி அனுப்பிடறேன்" என்றார். எனக்கு அந்த வருஷம்தான் பெண் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். நான் தரையைப் பார்த்தேன். அக்கா, "எம்பேர்ல போயிருக்குதுங்க. பதில் நான்தான் எழுதணும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் அனுப்பினேன் என்று அவர் சொல்லவில்லை. பொய் சொல்லவும் இல்லை. முதலாளி தானாக அர்த்தம் செய்துகொண்டார். நான் அதைத் திருத்தியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது என்று எழுத ஆசையாக இருக்கிறது. வரவில்லை. தொண்டை வரைக்கும்கூட வரவில்லை.

அன்று மதியம் அக்கா என்னிடம், "கெளம்பு. அந்த வீட்டுக்குப் போய்ட்டு வரலாம்" என்றார். சென்னை ரயிலில் ஏறித் திருவாலங்காட்டில் இறங்கினோம். வழியெல்லாம் நான் ஒப்பித்துக்கொண்டே வந்தேன்: காலில்கூட விழுந்துவிடலாம், ஒரு புடவை கொண்டுபோய்க் கொடுக்கலாம், எப்படியாவது புகாரை வாபஸ் வாங்க வைத்துவிட்டால் கிருத்திகைக்குள் தடை நீங்கிவிடும். அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "வாபஸ் பத்தி நீ வாயைத் தொறக்கக் கூடாது" என்றார்.

"அப்பறம் எதுக்குக்கா போறோம்?"

"மன்னிப்புக் கேக்க. அது கூட இன்னொண்ணையும் கேட்டா அதுக்குப் பேரு பேரம்பா."

எனக்கு ரயிலிலிருந்து குதித்துவிடலாம் போல இருந்தது. வேலை போகப்போவது என்னுடையது, கடைப் பெயர் முடங்கிக் கிடக்கிறது, இந்த அம்மாள் மன்னிப்பு மட்டும் கேட்க ரயில் டிக்கெட் எடுத்திருக்கிறார்.

ஷேர் ஆட்டோவில் போய் இறங்கி, வீட்டை விசாரித்துப் போனோம். அந்த அப்பா வாசலில் நின்றபடியே பேசினார். உட்காரச் சொல்லவில்லை. அக்காவும் எதிர்பார்க்கவில்லை. "உங்களக் கேக்காம அந்தச் சேதி வந்துச்சு. தப்புங்க. பத்திரிகைல இருந்த நம்பர எடுத்தது இன்னும் பெரிய தப்புங்க" என்றார்.

அவர், "ஃபோனு எங்கிட்ட இல்லம்மா. பொண்ணு கைல இருந்துச்சு. அவதான் படிச்சா" என்றார்.

அந்த நேரத்தில் நான் ஒன்று செய்தேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. "கம்ப்யூட்டர் தப்புங்க, அதுவா போயிடுச்சு" என்றேன். அக்கா என் பக்கம் திரும்பினார். "கம்ப்யூட்டருக்கு இன்னாபா தெரியும்? மனுசங்கதான் பண்ணோம்" என்றார். பண்ணோம் என்றார். நான் என்றும் சொல்லவில்லை, இவன் என்றும் சொல்லவில்லை. உள்ளேயிருந்து அந்தப் பெண் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அக்காவிடம் கொடுத்தாள். எனக்குக் கொடுக்கவில்லை. அது தற்செயல்தானா என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

"எல்லாரையும் கேட்டுட்டுதான் அனுப்புவீங்களாக்கா?" என்று அக்காவைக் கேட்டாள்.

"கேக்கணும்மா. இந்தவாட்டி கேக்கல."

"கேட்டிருந்தா அப்பா வேணாம்னு சொல்லியிருப்பாரு. அவ்ளோதான இது" என்றாள் அந்தப் பெண். அக்கா ஆமாம் என்று தலையாட்டினார். தண்ணீரைக் குடித்தார். நாங்கள் கிளம்பிவிட்டோம். வாபஸ் என்ற சொல்லே அங்கே எழவில்லை. அவர்களும் வாபஸ் வாங்கவில்லை.

அந்த ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் கடையிலிருந்து ஒரு செய்தியும் போகவில்லை. காவடிக் கூட்டத்தில், கொதிக்கிற வெயிலில், மலைப் படிக்கட்டின் அடியில் நின்று நான் நோட்டீஸ் விநியோகித்தேன். வாங்கினவர்களில் பாதிப் பேர் அதை விசிறியாக்கிக்கொண்டார்கள், மீதிப் பேர் அதில் திருநீற்றை மடித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு நோட்டீசுக்கும் மனதுக்குள் எஸ்தர் அக்காவைத் திட்டினேன். என் வேலை மட்டும் போகவில்லை.

போனது அக்காவின் இடம்தான். முதலாளி அவருடைய மேஜையைக் கீழே முன்கூடத்திலிருந்து மூன்றாவது மாடிக்கு, மூட்டைகள் அடுக்கும் அறைக்கு மாற்றினார். "கொஞ்ச நாளைக்கு ஜனங்க கண்ணுல படாம இருக்கட்டும் நைனா" என்று என்னிடமே சொன்னார். பிறகு தடை நீங்கியும், கொஞ்ச நாள் என்பது மூன்று வருஷம் ஆனது. அக்காவுக்கு முழங்கால் வலி. லிஃப்ட் சரக்கு ஏற்ற மட்டும்தான். காலையில் ஒரு தரம், சாப்பிட்டுவிட்டு ஒரு தரம், கழிவறைக்கு ஒரு தரம் என்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறுவார். நான் முன்கூடத்தில் உட்கார்ந்து அதைப் பார்ப்பேன். பல நாள், இன்றைக்கு முதலாளியிடம் சொல்லிவிடலாம் என்று எழுந்திருப்பேன், யாராவது விலை கேட்பார்கள், உட்கார்ந்துவிடுவேன். அந்தப் படிக்கும் அவர் நெஞ்சு வலிக்கும் சம்பந்தமில்லை என்று சாமுவேல் அண்ணன் சொல்கிறார், டாக்டரும் சொன்னாராம். அவர்கள் சொல்லட்டும். நான் அந்தப் படியில் ஏறிப் பார்த்தேன், அக்கா போன பிறகு. இரண்டாவது மாடியிலேயே எனக்கு மூச்சு வாங்கியது.

ஒரு தடவை, ஒரே தடவை, மேலே போய் அவரிடம் கேட்டேன். "நீங்க ஏன்க்கா என்னைக் காட்டிக் குடுக்கல?" மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து யாரையோ ஃபோனில் கூப்பிட எண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார். "நீயா ஒப்புத்துக்குவன்னு எவ்ளோ நேரம் பாத்துகினு இருந்தேன் தெரியுமா? நீ வருவன்னு. அப்பறம் வேலை வந்துடுச்சி, வுட்டுட்டேன்" என்றார். இதிலும் கோபமில்லை. அந்தப் பக்கம் யாரோ ஃபோனை எடுத்துவிட்டார்கள். "வணக்கம்ங்க, எஸ்தர் பேசறேன்" என்று ஆரம்பித்துவிட்டார். நான் இறங்கி வந்தேன். இப்படிப்பட்ட ஒரு ஆளோடு எப்படித்தான் சண்டை போடுவது? திட்டினால் திட்டிவிட்டார் என்று நானும் திட்டலாம். நான் வருவேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாராம்!

இவ்வளவும் எழுதி முடித்த பிறகுதான் ஒன்று உறைத்தது. அந்த அப்பாவைப் பற்றியும் பெண்ணைப் பற்றியும் எழுதியிருக்கிறேன். இதை அச்சடித்து நூறு பேர் கையில் கொடுக்கப் போகிறார்கள். அவர்களைக் கேட்டேனா? சே! ஒரே தப்பை எத்தனை தரம் செய்வேன்? நேற்று அந்த எண்ணைக் கூப்பிட்டேன். கூப்பிடுவதற்கு முன்னால் அரை மணி நேரம் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா தினம் பதினைந்து பேரிடம் இதைச் செய்தார். எப்படிச் செய்தார் என்று புரியவில்லை. பெண்தான் எடுத்தாள். இப்போது அரக்கோணத்தில் வேலைக்குப் போகிறாளாம். யார் பேசுகிறேன், எதற்காக என்று சொன்னேன். எஸ்தர் அக்கா இறந்துபோன செய்தியைச் சொன்னேன். அவள், "அடடா" என்றாள்.

பிறகு, அன்றைக்கு அந்தச் செய்தியை அனுப்பியது அவர் இல்லை, நான்தான் என்று சொன்னேன். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக என் வாயிலிருந்து அது வெளியே வந்தது. "உங்களப் பத்தி எழுதியிருக்கேன்மா. பேரு இல்ல. ஆனா தெரிஞ்சவங்களுக்குத் தெரிஞ்சிடும். வேணாம்னா வேணாம்னு சொல்லலாம், தப்பில்ல, எடுத்துடறேன்" என்றேன். கடைசி வரி அக்காவுடையது. அவர் தினம் சொல்லிக் கேட்டுக் கேட்டு என் வாயில் தானாக வந்தது.

"அன்னிக்கி கம்ப்யூட்டர் தப்புன்னு சொன்னது நீங்கதானே?" என்று கேட்டாள்.

"ஆங், நான்தான்மா."

அவள் அப்பாவிடம் ஏதோ பேசுவது கேட்டது. நான் காத்திருந்தேன். அந்தக் காத்திருப்பில், அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் இந்தப் பக்கம் முழுவதையும் கிழிக்க வேண்டும், அக்காவின் பெயர் அப்படியே கிடக்கும் என்று தெரிந்தது. ஆனாலும், சம்மதிக்கும்படி அவளைக் கெஞ்சக் கூடாது என்றும் தெரிந்தது. பேரம் ஆகிவிடும்.

"அப்பா எழுதச் சொல்றாரு" என்றாள். "எங்க பேரு வேணாம். அந்தக்கா செய்யலன்னு எழுதுங்க. எழுதிட்டுக் கீழ உங்க பேரப் போடுங்க."

முதலாளி மேஜையில் இந்தத் தாளின் பிரதி ஒன்றை இன்று காலையிலேயே வைத்துவிட்டேன். அவர் இன்னும் படிக்கவில்லை. நாளைக்கு என் மேஜை எந்த மாடிக்குப் போகும், அல்லது தெருவுக்கே போகுமா, தெரியாது. எஸ்தர் அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு பழக்கம்தான்: கேட்டுவிட்டு, பதில் வரும் வரைக்கும் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பது. அதுகூட இன்னும் எனக்குப் படியவில்லை. நேற்றுதான் முதல் தடவை செய்திருக்கிறேன். அக்கா, நீங்கள் பார்த்துக்கொண்டிருந்த ஆள் வர இவ்வளவு நேரம் ஆகிவிட்டது.

அந்தத் தலை ஆடிச் செய்தியை அனுப்பியவன்,
வை. முனிரத்தினம்,
விளம்பரப் பிரிவு.